டி.வி. டாக்டருக்கு ஒரு திருத்தம்

எண்பதுகளின் பின்பாதி அது. கொடைக்கானல் மலையில் டி.வி. கோபுரம் வந்து, மதுரையில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி அலுமினியக் குச்சிகள் முளைத்திருந்த நேரம். நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவியாசிரியனாக இருந்தேன். ஏஜென்சி செய்திகளை மொழிபெயர்ப்பது, தலைப்பு வைப்பது, பக்கம் கட்டும்போது பக்கத்தில் நின்று வரிகளை வெட்டுவது, இவைதான் வேலை. அதோடு ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் டி.வி. நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆபீஸில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்பதுதான் காரணம். பத்தியில் எழுதியவர் பெயர் வராது. அதனால் கை கொஞ்சம் தாராளமாகவே ஓடும்.

அந்த வருடம் சென்னைத் தொலைக்காட்சியில் வாரம் ஒரு நாள், சாயந்தரம் ஏழரை மணிக்கு ஒரு தொடர் நாடகம் வந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வரும் பெண் டாக்டரின் கதை. ஆஸ்பத்திரி என்று காட்டியது ஒரே ஓர் அறையைத்தான். ஜன்னலுக்கு வெளியே தெரியும் வேப்பமரம் துணியில் வரைந்தது. உள்ளே மின்விசிறி சுற்றினால், மரம் அடியிலிருந்து நுனிவரை மொத்தமாக ஆடும். அதையெல்லாம் குறித்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்த டாக்டரிடம் ஒரு பழக்கம். நோயாளி வந்தால் மேஜைக்குப் பின்னால் உட்கார மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். சொல்வதை முழுசாகக் கேட்பார். அப்புறம் சீட்டைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் உடம்புக்குள் இருப்பதைப் படமாக வரைந்து காட்டி, இங்கேதான் கோளாறு, இதைத்தான் செய்யப் போகிறோம் என்பார். கடைசியில், "இப்ப நீங்க சொல்லுங்க, நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார். வாராவாரம் இது நடந்தது.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, என் பத்தியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். 'படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் டாக்டர்' என்று தலைப்பு. இந்த அம்மையார் படித்தது மருத்துவக் கல்லூரியிலா, ஓவியக் கல்லூரியிலா என்று கேட்டிருந்தேன். நம் ஊரில் எந்த டாக்டரிடமாவது படம் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார் என்று முடித்திருந்தேன். ஆபீஸில் நன்றாகச் சிரித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

என் அக்கா ஒத்தக்கடையில் இருந்தாள். மச்சானுக்கு பஸ் டிப்போவில் வேலை. அக்கா வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் அப்போது புதிதாக வீடுகள் வந்துகொண்டிருந்தன. டீச்சர்களும் காலேஜ் பெண்களும் தேடி வந்து துணி கொடுப்பார்கள். ஒரு டீச்சரம்மா வீட்டில் டி.வி. இருந்தது. நாடகம் வரும் நாளில் தெருப் பெண்கள் பத்துப் பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அக்கா மடியில் நாலைந்து ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு கண் டி.வி.யில், ஒரு கண் ஊக்கு தைப்பதில். நாடகத்தை அவள் விடாமல் பார்க்கிறாள் என்று தெரியும். என் பத்தியையும் விடாமல் படிப்பாள். பெயர் இல்லாவிட்டாலும் எது நான் எழுதியது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் ஆபீஸுக்கு மச்சான் போன் செய்தார். கடை போன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"மாப்ள, உங்கக்கா மிஷின்லயே சாஞ்சிட்டா. இப்ப முழிச்சிட்டா. நீ கொஞ்சம் வா."

நான் போனபோது அக்கா பாயில் படுத்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. உதடும் உள்ளங்கையும் வெளுத்துக் கிடந்தன. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். துணி மரம் ஆடுவதைக் கண்டுபிடித்த கண்ணுக்கு அவள் வெளுத்துப் போனது படவில்லை.

மச்சான்தான் விஷயத்தைச் சொன்னார். மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது, ஆறேழு மாதமாக. மூன்று வாரத்துக்கு முன்பு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

"நீ என்னக்கா சொன்ன?" என்று கேட்டேன்.

"வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"வாரேன்னு சொன்னவ அப்புறம் பஸ்ஸே ஏறல மாப்ள," என்றார் மச்சான். "நானும் சொல்லிப் பாத்துட்டேன், மெரட்டிப் பாத்துட்டேன். கெஞ்சறது ஒண்ணுதான் பாக்கி. அதுவும் நேத்து ஆச்சு."

அவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு அக்காவிடம் உட்கார்ந்தேன். காரணம் மெதுவாக வெளியே வந்தது. அவளுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. தெருவில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். கர்ப்பப்பையை எடுத்தால் அந்த இடம் பொத்தலாகிவிடும், குடல் சரிந்து அதில் விழும், அப்புறம் மிஷின் மிதிக்கவே முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிஷின் மிதிக்காத அக்காவை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

"டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா."

"என்னன்னு கேக்க? அங்க அம்புட்டுக் கூட்டம். படம் போட்டுக் காட்டுங்கன்னு கேக்கணும்னுதான் போனேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருவாங்கன்னு நீதானடா எழுதியிருந்த."

அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் உட்கார்ந்த இடம் சுட்டது.

"அது நாடகம்க்கா," என்றேன்.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா? சன்னலுக்குப் பின்னாடி மரம் துணில வரைஞ்சது. மொத வாரமே பாத்துட்டேன், மல்லுத்துணி. நான் துணி பாக்கறவ. அந்தப் பொம்பள டாக்டரில்ல, நடிக்கிறான்னும் தெரியும். அதுக்காக, அவ செய்யறது தப்பாயிருமா? ஒரு ஜாக்கெட்டுக்கே நான் சாக்பீஸ்ல கோடு போட்டு, இங்க இறக்கம், இங்க தையல்னு சொல்லிட்டுத்தான் கத்தரி வைக்கேன். என் உடம்புல கத்தி வைக்கிறவங்கள ஒரு கோடு போட்டுக் காட்டச் சொல்லக் கூடாதா?"

மக்கள் நாடகத்தை நிஜம் என்று நம்புகிறார்கள் என்ற நினைப்பில் அத்தனை வாரம் எழுதியிருக்கிறேன். அந்த டீச்சரம்மா வீட்டில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரில் ஒருத்திகூட அப்படி நம்பியிருக்க மாட்டாள் என்று அப்போது தோன்றியது. நிஜத்தில் இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நாளைக்குப் போவோம். நான் கேக்கறேன்," என்றேன்.

"நீ கேப்பியா?"

"கேக்கறேன்."

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுதுவார், இறக்கிவிட்டு ஆளைப் பார்ப்பார். வராந்தா பெஞ்சில் நாற்பது பேருக்குக் குறையாது. எங்கள் முறை வந்து உள்ளே போனதும் அக்காவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மூணு வாரம் முன்னாடியே சொன்னேனேம்மா. எங்க போயிட்டீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். தினமும் பெரிய ஆட்களைப் பற்றி எழுதுகிறவன், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் திணறினேன். அக்காவுக்குப் பயமாக இருக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினால் புரிந்துகொள்வாள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். நர்ஸ் கதவருகே நின்று அடுத்த டோக்கனைக் கையில் வைத்திருந்தது கண்ணில் பட்டது.

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். அக்காவைப் பார்த்து, "நீங்களும் அந்த நாடகம் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர்."

"இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. நேத்து உசிலம்பட்டியிலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. பென்சிலும் ரப்பரும் கொண்டுவந்துட்டாங்க. பேனாவுல வரைஞ்சா தப்பாப் போச்சுன்னா அழிக்க முடியாதாம்."

மச்சான் சிரித்துவிட்டார். டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "பேப்பர்லகூட எவனோ எழுதியிருந்தான். படம் கேட்டா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருவோம்னு. எங்க நர்ஸ் கொண்டாந்து காட்டுனா. எனக்கு அம்புட்டுக் கோவம். அப்புறம் உக்காந்து யோசிச்சா, அவன் எழுதுனது பொய்யில்ல. மொத ஆளு கேட்டப்ப நான் அதத்தான் செஞ்சேன்."

நான் தரையைப் பார்த்தேன். அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் கண் டாக்டரம்மா எடுத்த காகிதத்தின்மீதே இருந்தது.

டாக்டரம்மா வரைந்தார். கையெழுத்தைப்போலவே படமும். கவிழ்த்த பப்பாளி மாதிரி ஒன்று வந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு கொம்பு. அக்கா குனிந்து பார்த்தாள்.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவா இல்லையே. உள்ள நெசமாவே அப்படித்தானா, இல்ல வரையும்போது வந்ததா?"

"வரையும்போது வந்தது," என்றார் டாக்டரம்மா. "எனக்கு அறுக்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நீங்க வரைங்க பாப்போம்."

பேனாவை அக்காவிடமே நீட்டினார். அக்கா இன்னொரு தாளைக் கேட்டு வாங்கினாள். அதை நடுவில் மடித்தாள். ஒரு பாதியில் மட்டும் டாக்டரின் படத்தைப் பார்த்து ஒரே இழுப்பில் கோடு போட்டாள். பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, மறுபாதியில் அதன்மேலேயே போட்டாள். விரித்தபோது இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. ஜாக்கெட்டின் முதுகுத்துணியை அவள் அப்படித்தான் மடித்துப் போட்டு வெட்டுவாள். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுதான். சரியா இதேதான்," என்றார்.

அதில் கட்டிகள் எங்கே இருக்கின்றன என்று வட்டம் போட்டார். எங்கே வெட்டப் போகிறார் என்று புள்ளி புள்ளியாகக் குறித்தார். இரண்டு பக்கமும் இருக்கும் முட்டைப்பைகளை எடுக்கப் போவதில்லை, அவை அப்படியே இருக்கும் என்று அவற்றின் மேல் சரி என்று குறி போட்டார். அக்கா அதை ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

"எடுத்த பெறகு உள்ள எப்படி இருக்கும், அதையும் ஒண்ணு போடுங்க டாக்டர். அந்த எடம் பொத்தலா இருக்குமா?"

நர்ஸ் இரண்டாவது முறையாக எட்டிப் பார்த்தார். "இருக்கச் சொல்லு," என்றார் டாக்டரம்மா, திரும்பாமலே. இரண்டாவது படம் வரைந்தார். வெட்டிய வாயை மூடித் தைத்து, பக்கத்தில் இருக்கும் நார்களோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். குடல் தன் இடத்தில் தானாக உட்கார்ந்துகொள்ளும். எதுவும் சரிந்து விழாது. கொஞ்ச மாதம் மிஷின் மிதிக்கக் கூடாது, அதற்கப்புறம் தாராளமாக மிதிக்கலாம்.

"உள்ள எந்த நூலு போடுவீங்க?"

"உள்ள போடற நூலு தானாக் கரைஞ்சிரும்."

"கரையற நூலா? எனக்குத் தெரிஞ்சு கரையற சாயந்தான் உண்டு," என்றாள் அக்கா.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு மணியைப் பார்க்கும் பழக்கம் உண்டு. பத்திரிகை வேலை அது. நாங்கள் உள்ளே போய்ப் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் அக்கா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, டாக்டர் கேட்காமலே, முதலிலிருந்து கடைசிவரை என்ன செய்யப் போகிறார்கள் என்று விரல் வைத்து ஒப்பித்தாள். ஓர் இடத்தில் மட்டும் டாக்டரம்மா திருத்தினார். பிறகு அக்கா மச்சான் பக்கம் திரும்பி, "என்னைக்கு வரணும்னு கேளுங்க," என்றாள். மூன்று வாரமாக எங்கள் யாராலும் வாங்க முடியாத சம்மதம் அது.

உடனே அறுக்க முடியாத அளவுக்கு ரத்தம் குறைந்திருந்தது. படுக்கையில் சேர்த்து, முதலில் ரத்தம் ஏற்றினார்கள். மச்சான் கொடுத்தார், நானும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் ஆபரேஷன். வெளியே வந்த டாக்டரம்மா, கட்டிகள் நினைத்ததைவிடப் பெரிது, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் காப்பாற்றுவது கஷ்டமாயிருக்கும் என்றார். மச்சான் சுவரில் சாய்ந்து நின்றார். நான் அந்த மூன்று வாரங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவற்றை அவளிடமிருந்து எடுத்தது என்னுடைய ஒரு வரி. அது சிரிப்புக்காக எழுதிய வரி.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் போனபோது நர்ஸ் என்னிடம் புகார் சொன்னார். "உங்கக்கா வார்டுல கிளாஸ் எடுக்குறாங்க சார். பக்கத்துக் கட்டிலம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். அவங்களுக்கு மருந்துச் சீட்டுல படம் போட்டுக் குடுத்துருக்காங்க." புகாராகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது, "நல்லாத்தான் போடுறாங்க," என்றார்.

அந்த வாரம் ஆபீஸில் ஒரு துண்டுத்தாளில் நாலு வரி எழுதி செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். தவறான செய்தி வந்தால் மறுநாள் திருத்தம் போடுவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் யாராவது சண்டைக்கு வந்தால்தான் போடுவோம். அவர் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், நாடகத்துல வர்ற டாக்டருக்கு எவன்யா திருத்தம் போடுவான்? அந்தம்மா வக்கீல் நோட்டீஸா அனுப்பப்போறா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, 'வருந்துகிறோம்' என்று நான் எழுதியிருந்ததை அடித்தார். "நீ வருந்துறது வாசகனுக்கு எதுக்கு? இத மட்டும் போடு," என்று கடைசி இரண்டு வரியைச் சுற்றி வட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்தியின் உச்சியில், தடித்த எழுத்தில் அது வந்தது. படம் வரைந்து காட்டும் டாக்டர் நாடகத்தில் மட்டும்தான் இருப்பார் என்று எழுதியிருந்தோம், அது தவறு. கேட்டால் வரைந்து காட்டுகிறார்கள், கேளுங்கள். அவ்வளவுதான்.

நாடகத்தின் கடைசி வாரத்தை நான் டீச்சரம்மா வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பெண்களோடு பார்த்தேன். அக்கா இன்னும் வெளியே நடமாட ஆரம்பிக்கவில்லை. திரும்பி வந்து அவளுக்குக் கதை சொல்ல வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. அந்த டாக்டருக்கு மறுபடி மாற்றல் வந்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதோடு முடிந்தது. முதல்முறையாக அந்த நடிகையைச் சரியாகக் கவனித்தேன். முக்காலியை அவர் இழுத்துப் போடும் விதத்தில் ஓர் அவசரமின்மை இருந்தது. எதிரே இருப்பவர் பேசும்போது, தன்னுடைய அடுத்த வசனத்துக்குக் காத்திருப்பவராக அவர் தெரியவில்லை, கேட்கிறவராகவே தெரிந்தார். எழுதியவர் யார் என்று பார்க்கக் காத்திருந்தேன். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. சென்னையில் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, ஒரு டாக்டர் இப்படி இருக்கட்டும் என்று யாரோ எழுதியிருக்கிறார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நிஜமான ஒரு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மாற்றலாகிப் போய்விட்டார் என்றதும், "எந்த ஊருக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். "எந்த ஊரோ, குடுத்துவச்ச ஊரு," என்றாள்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்குமேல் பத்திரிகையில் இருந்தேன். கேலியாக எழுதுவதை நான் விட்டுவிடவில்லை. அது அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. ஆனால் 'இதெல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியமா' என்று எழுதக் கை போகும்போதெல்லாம், அதைக் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு எங்கோ ஒரு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த வரியைப் படிக்கப் போகிறார் என்ற நினைப்பு வந்து, கை அங்கேயே நின்றுவிடும்.